மௌனத் தந்திகளின் தாளம்

கிதாரில் தந்திகள் ஆறு. அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஃப்ரெடி கிரீன் பெரும்பாலும் ஒலிக்க விட்டது இரண்டு, மூன்றைத்தான். சில சமயம் ஒன்றே ஒன்று. 1937ல் கவுண்ட் பேஸியின் குழுவில் சேர்ந்தவர், 1987ல் இறக்கும்வரை அதன் தாளத்தைத் தாங்கினார்.

ஆறு, நான்கு, மூன்றாம் தந்திகளில் விரல் வைப்பார். ஆறாவதை அழுத்தும் விரலின் நுனியே ஐந்தாவதை லேசாகத் தொட்டு ஊமையாக்கும். மீட்டியதும் இடது கைப்பிடியைத் தளர்த்த, நாதம் சட்டென்று அறுபடும்.

காரணம் உண்டு. ஆறும் முழங்கினால் பியானோவுடனும் பாஸுடனும் மோதிக் குழம்பும். அவரிடம் இருந்ததோ ஆம்ப்ளிஃபயர் இல்லாத கிதார். சுற்றிலும் டிரம்பெட், சாக்ஸஃபோன் முழக்கம்.

எல்லாத் தந்திகளையும் ஒலிக்க வைப்பது முதல் பாடம். எதை அடக்குவது என்பது அடுத்த பாடம்.