ஃப்ரீசர்ல கத்தி வைக்காதீங்க!

தை மாசம் வந்தா எங்க அரூர் பக்கம் மொச்சை, அவரைக்குக் குறைவிருக்காது. பச்சையா உரிச்சு, குழம்புக்குன்னு கொஞ்சம் ஃப்ரீசரில் போட்டு வைப்போம். போன சித்திரையில் எடுக்கப் போனால், பை ஐஸுக்குள் புதைந்து கிடந்தது. அவசரத்தில் நானே கத்தியை எடுத்துக் குத்தினேன். 'புஸ்'ஸென்று ஒரு சத்தம். அத்தோடு ஃப்ரிட்ஜ் குளிர்வது நின்றுபோனது.

மெக்கானிக் வந்து பார்த்தார்.

"அண்ணே, கத்தி வெச்சீங்களா?"

"ஆமா தம்பி."

"போச்சு. கேஸ் எல்லாம் வெளிய போயிடுச்சு."

ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில், ஃப்ரீசரின் அலுமினியத் தகட்டுக்குள்ளேயே கேஸ் ஓடும் பாதை இருக்கிறது. தகடு மெல்லிசு. ஒரு குத்து போதும். இப்போது வரும் பல ஃப்ரிட்ஜ்களில் ஐசோபியூட்டேன் என்ற, தீப்பிடிக்கும் வாயு இருக்கிறது. அதற்கு வாசனையும் கிடையாது. சத்தம் கேட்டால் அடுப்பு பற்ற வைக்காதீங்க, பக்கத்தில் இருக்கும் சுவிட்சைத் தொடாதீங்க. ஜன்னல், கதவைத் திறந்துவிட்டு வெளியே வந்துடுங்க.

அந்த ஐஸ் எங்கிருந்து வருது? கதவைத் திறக்கும்போதெல்லாம் வெளிக்காற்று உள்ளே போகிறது. அதிலுள்ள ஈரம்தான் தகட்டில் உறைகிறது. ஐஸ் தடித்தால் அது கம்பளி போர்த்தின மாதிரி. குளிர் பொருளுக்குப் போய்ச் சேராது. கம்ப்ரஸர் கூடுதல் நேரம் ஓடும், கரண்ட் பில் ஏறும். அரை சென்டிமீட்டர், அதாவது சுண்டுவிரல் அகலத்தில் பாதி வந்ததுமே கரைச்சிடணும்.

கரைக்கும் முறை

பிளக்கைப் பிடுங்குங்க. பொருட்களை ஒன்றாகச் சேர்த்து, செய்தித்தாளில் சுற்றி, கனமான சாக்கில் மூடி வையுங்க. ஃப்ரீசருக்குள் துணி விரித்து, அதன்மேல் ஒரு கிண்ணத்தில் சுடுதண்ணி வைத்துக் கதவைச் சாத்துங்க. ஆறினதும் மாற்றுங்க. ஐஸ் தானாகவே கழன்று வரும். ஒட்டியிருப்பதை மரக்கரண்டியால்கூட நெம்பாதீங்க, பொறுத்திருங்க. காலையில் ஆரம்பித்தால் மதியச் சமையலுக்குள் முடிந்துவிடும்.

பிறகு, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா கலந்து துடைத்து, காய்ந்த துணியால் ஈரம் போக ஒற்றி எடுங்க. ஈரம் இருந்தால் மறுபடி ஐஸாகிவிடும். முழுசாக இளகிப்போன காயைத் திரும்ப உறைய வைக்காமல் அன்றைக்கே சமைச்சிடுங்க. கரைந்த தண்ணியைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊத்துங்க.

சேராமல் இருக்க

கதவு ரப்பருக்கு இடையில் ஒரு தாளை வைத்துச் சாத்தி, இழுத்துப் பாருங்க. லேசாக வந்துவிட்டால் ரப்பர் தளர்ந்திருக்கு. முதலில் அழுக்கைத் துடையுங்க, அப்புறமும் பிடிக்காவிட்டால் மாற்றுங்க. சூடான பொருளை உள்ளே வைக்காதீங்க. பின்பக்கம் சுவருக்கும் ஃப்ரிட்ஜுக்கும் இடையே காற்றோட்டம் விடுங்க, கம்பிச்சுருள் வெளியே தெரிந்தால் தூசியைத் தட்டுங்க.

விதை சேமிக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: சரியாகக் காயாத விதையை ஃப்ரீசரில் வைக்காதீங்க. உள்ளிருக்கும் ஈரம் உறைந்து முளையைக் கொன்றுவிடும். நல்லாக் காய்ந்த மொச்சை விதைக்கு சாம்பலும் மண்பானையும் போதும். அதுக்குக் கரண்டும் வேண்டாம், கத்தியும் வேண்டாம்.