கணக்கைக் காட்டிய மந்திரி!
தாயாரைக் கடத்தியும் பணியாத பெண்மணி

ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அரசாங்கம் எவ்வளவு பணம் கொடுத்தது? ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு வந்தது?

இது மக்களுக்குத் தெரிந்துவிட்டால், நடுவில் இருப்பவர் அதில் கை வைக்க அஞ்சுவார்.

இதை ஒரு பெரிய நாட்டில் செய்து காட்டியவர் ஒரு பெண். அவர் பெயர் என்கோசி ஒகோன்ஜோ இவேலா. ஆப்பிரிக்காவில் உள்ள நைஜீரியாவில் 1954-ம் ஆண்டு பிறந்தவர்.

முதுகில் தங்கை

1967-ல் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டது. 1970 வரை நீடித்தது. பசியும் நோயும் தலைவிரித்து ஆடின.

3 வயதுத் தங்கைக்கு மலேரியாக் காய்ச்சல். தாயாரும் படுத்த படுக்கை. 15 வயது என்கோசி, தங்கையை முதுகில் சுமந்து வெயிலில் 10 கிலோ மீட்டர் நடந்தார். டாக்டர் இருந்த இடத்தில் பெருங்கூட்டம். வாசலில் நுழைய முடியவில்லை. ஜன்னல் வழியாக ஏறி உள்ளே போனார். டாக்டர் ஊசி போட்டார். குழந்தை பிழைத்தது.

போர் முடிந்தது. என்கோசி அமெரிக்கா சென்று படித்தார். 1981-ல் டாக்டர் பட்டம் பெற்றார். உலக வங்கியில் சுமார் 25 ஆண்டுகள் வேலை பார்த்தார்.

பத்திரிகையில் கணக்கு

2003-ல் தாய்நாடு அழைத்தது. நிதி மந்திரி ஆனார்.

நைஜீரியாவில் எண்ணெய் வளம் உண்டு. அதில் வரும் பணத்தை 36 மாநிலங்களுக்கும் மாதந்தோறும் பங்கு பிரிப்பார்கள். யாருக்கு எவ்வளவு என்பது பொதுமக்களுக்குத் தெரியாது.

அம்மையார் அந்தக் கணக்கைப் பத்திரிகைகளில் வெளியிடச் செய்தார். மக்கள் ஆவலோடு வாங்கிப் படித்தார்கள். எங்கள் பணம் எங்கே என்று கேட்கத் தொடங்கினார்கள்.

2005-ல் கடன் கொடுத்த நாடுகளோடு பேசினார். 3,000 கோடி டாலர் கடனில் 1,800 கோடி டாலர் தள்ளுபடி ஆயிற்று!

வந்தது சோதனை

2011-ல் மீண்டும் நிதி மந்திரி ஆனார். பெட்ரோலை மலிவாக விற்பதற்காக வியாபாரிகளுக்கு அரசாங்கம் மானியம் கொடுத்து வந்தது. கொண்டுவராத பெட்ரோலுக்கும் சிலர் பணம் கேட்டார்கள். கணக்குச் சரியில்லாத பணத்தைக் கொடுக்க அம்மையார் மறுத்தார்.

2012 டிசம்பரில் அவருடைய தாயாரை முரடர்கள் கடத்திச் சென்றார்கள். தாயாருக்கு 80 வயதுக்கு மேல். மகள் பதவி விலக வேண்டும் என்று மிரட்டல் வந்தது.

பெற்ற தாயா, ஏற்ற பொறுப்பா? எந்த மகளுக்கும் வரக் கூடாத சோதனை!

அவர் பதவி விலகவில்லை. 5 நாட்களுக்குப் பின் தாயார் உயிரோடு திரும்பினார்.

2021 மார்ச் 1-ந் தேதி உலக வர்த்தக அமைப்பின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான். முதல் ஆப்பிரிக்கரும் அவரே.

நைஜீரியாவில் லஞ்சம் அடியோடு ஒழிந்துவிடவில்லை. ஆனால், கணக்குக் கேட்கலாம் என்று மக்கள் தெரிந்துகொண்டார்கள். எழுத்தறிவின் பயனும் அதுதானே!