பழைய சாமானில் ஒரு போலோ சைக்கிள்

சைக்கிள் போலோ ஆட வரும் புதியவர்களிடம் நான் முதலில் சொல்வது, புதுச் சைக்கிள் வாங்காதீர்கள் என்பதுதான்.

புல்தரையில் ஆடும் சைக்கிள் போலோ 1891இல் அயர்லாந்தில் ரிச்சர்ட் மெக்ரெடி தொடங்கிவைத்தது. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் காட்சிப் போட்டியாகவும் நடந்தது. அதைக் கெட்டித் தரைக்குக் கொண்டுவந்தவர்கள், நான் வசிக்கும் சியாட்டிலின் சைக்கிள் கூரியர்கள். 1990களின் இறுதியில், வேலை இல்லாத நேரத்தில் ஆடத் தொடங்கினார்கள். அணிக்கு மூன்று பேர். கால் தரையில் பட்டுவிட்டால், குறித்த இடத்தைப் போய்த் தட்டிவிட்டு வரும்வரை பந்தைத் தொடக் கூடாது.

மட்டை இடிக்கும், அடுத்தவர் சக்கரம் மோதும், வண்டி அடிக்கடி கீழே விழும். இதற்கு 26 அங்குலச் சக்கரம் போட்ட பழைய மலைச் சைக்கிளின் ஸ்டீல் பிரேம்தான் சரி. கொலம்பியா சிட்டி பகுதியில் இருக்கும் 'பைக் ஒர்க்ஸ்' மாதிரி இடங்களில் பழைய பாகங்கள் கிடைக்கும். பிரேமை எடுத்ததும், ஹேண்டில்பார் இறங்கும் குழாயை ஒட்டி, சாய்ந்த கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். பெயிண்ட் சுருங்கியோ குழாய் லேசாகப் புடைத்தோ இருந்தால், எங்கேயோ நேராக மோதிய வண்டி அது. சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

கியர் மாற்றும் சாமான்களைக் கழற்றிவிடலாம். முன்னால் 32 பல், பின்னால் 18 பல் ஃப்ரீவீல் போதும். பெடலை ஒரு சுற்று மிதித்தால் சக்கரம் ஏறக்குறைய ஒன்றே முக்கால் சுற்று சுற்றும். வேகம் குறைவுதான், ஆனால் நின்ற இடத்திலிருந்து சட்டென்று கிளம்பலாம். இந்த ஆட்டத்துக்கு அதுதான் தேவை.

பிரேக்கில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். வலது கையில் மட்டை இருப்பதால் முன் பிரேக் லிவர் இடது கைக்கு வர வேண்டும். பழைய கான்டிலீவர் பிரேக் இருந்த அதே முளைகளில் வி-பிரேக் உட்காரும். ஆனால் பழைய லிவர் அதற்கு ஒத்துவராது. கேபிளைப் போதிய அளவு இழுக்காமல், லிவர் ஹேண்டில்பாரில் போய் முட்டிவிடும். வி-பிரேக்குக்கென்று உள்ள லிவரையே தேடி வாங்குங்கள். கேபிளும் பிரேக் கட்டையும் புதிதாகவே இருக்கட்டும்.

சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்து, கம்பிகளுக்கு மூடி போட வேண்டும். இங்கே தேர்தல் முடிந்ததும் வேண்டாமல் போகும் பிளாஸ்டிக் அட்டை விளம்பரப் பலகைகள் அதற்கு அருமையான சரக்கு. வட்டமாக வெட்டி, பிளாஸ்டிக் டையால் கம்பிகளோடு கட்டினால் பந்தும் மட்டையும் உள்ளே புகாது. மட்டையும் அப்படித்தான்: பழைய பனிச்சறுக்குக் கோலின் நுனியில் கனமான பிளாஸ்டிக் குழாய்த் துண்டைப் போல்ட் போட்டு முடுக்கினால் ஆயிற்று.

களத்தில் இறங்கும் முன் ஹேண்டில்பாரின் இரண்டு முனைகளையும் அடைத்துவிடுங்கள். விழும்போது திறந்த குழாய் சதையை வெட்டிவிடும். அடைக்காத வண்டியோடு வந்தால் ஆட விட மாட்டோம்.