கயிறுகளுக்கு நடுவே - 9: கூண்டைவிடப் பெரியது ஒரு சாக்ஸ்

மல்யுத்த வீரர் மிக் ஃபோலியின் ஆட்டங்களில் எது உசத்தி என்று எந்த ரசிகரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும், பிட்ஸ்பர்க் கூண்டு ஆட்டத்தைத்தான் சொல்வார். ஃபோலி அப்படிச் சொல்வதில்லை. 1996 செப்டம்பரில் ஃபிலடெல்ஃபியாவில் ஷான் மைக்கேல்ஸோடு மோதிய ஆட்டம்தான் தனக்கு மிகவும் பிடித்தது என்று பல முறை சொல்லியிருக்கிறார். வேடர் என்ற இன்னொரு வீரர் குறுக்கே புகுந்ததால் தகுதிநீக்கத்தில் முடிந்த ஆட்டம் அது. வெற்றி தோல்விகூட ஒழுங்காகத் தீரவில்லை. ஆனால் அரங்கில் இருந்தவர்களைக் கடைசிவரை இருவரும் தங்கள் கைப்பிடிக்குள் வைத்திருந்தார்கள். அந்தத் தொழிலில் இருப்பவர்கள் மதிப்பது அதைத்தான்.

கேபிள் டிவி வந்த நாட்களில் டிரம்ப் கார்டு சேர்த்த தலைமுறைக்கு ஃபோலியை ‘மேன்கைண்ட்’ என்று சொன்னால்தான் சட்டென்று தெரியும். முகத்தில் தோல் முகமூடி, கிழிந்த சட்டை, பருத்த உடம்பு, பாதி காணாமல்போன வலது காது. காது போனது 1994 மார்ச்சில், ஜெர்மனியின் மியூனிக்கில். வேடரோடு மோதும்போது வளையத்தின் கயிறுகளுக்கு இடையில் தலை சிக்கிக்கொண்டது. கயிறுகள் வழக்கத்தைவிட இறுக்கமாகக் கட்டப்பட்டிருந்தன. தலையை இழுத்து விடுவித்தபோது காது கிழிந்தது. அதன் பிறகும் ஆட்டத்தைத் தொடர்ந்தார்.

யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே முடிவாகிவிடும் ஆட்டம் இது. அதைச் சொல்லிவிட்டு ‘எல்லாம் டூப்பு’ என்று தள்ளிவிடுகிறவர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு. முடிவை எழுதிவைக்கலாம். விழும்போது முதுகெலும்பு வாங்கும் அடியை யாரும் எழுதிவைக்க முடியாது. வளையத்தின் தரை என்பது இரும்புச் சட்டம், அதன்மேல் பலகை, அதன்மேல் மெல்லிய மெத்தை, எல்லாவற்றுக்கும் மேலே இழுத்துக் கட்டிய கித்தான். மோவாயை நெஞ்சோடு ஒட்டவைத்து, முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தரையைத் தொடும்படி, இரண்டு கைகளாலும் கித்தானை அறைந்தபடி விழவேண்டும். மோவாய் கொஞ்சம் தூக்கினால் பின்மண்டை போய் மோதும். ஃபோலி இதைக் கற்றது பென்சில்வேனியாவில், டொமினிக் டெனூச்சி என்ற மூத்த வீரரிடம். கோர்ட்லண்டில் கல்லூரிப் படிப்பு. வார இறுதியில் நெடுந்தூரம் காரோட்டிப் போய்ப் பயிற்சி. இரவில் அந்தக் காரிலேயே தூக்கம்.

செதுக்கிய உடம்போ பறந்து தாவும் லாவகமோ அவருக்கு இல்லை. அதனால் தன்னிடம் இருந்ததைக் கொடுத்தார். ‘காக்டஸ் ஜாக்’ என்ற பெயரில் ஆடிய காலத்தில், வளையத்தின் விளிம்பிலிருந்து வெளியே கிடக்கும் கான்கிரீட் தரையில் படுத்திருப்பவர்மேல் முழங்கையை நீட்டிப் பாய்வார். பாதி நேரம் அந்தத் தரையில் வாங்கும் அடி எதிராளியைவிட அவருக்குத்தான் அதிகம். அரங்கு எழுந்து நிற்கும். மறுநாள் வேறு ஊர், அதே தரை, அதே பாய்ச்சல். தொலைக்காட்சியில் வராத அந்தச் சின்ன ஊர் ஆட்டங்களுக்கும் அவர் கணக்குப் பார்த்துக் கொடுத்ததில்லை. இப்படிப் பாயும் ஆசை எங்கே தொற்றியது என்றும் எழுதியிருக்கிறார். 1983 அக்டோபரில், வழியில் போகும் வண்டிகளில் ஏறிக்கொண்டு கல்லூரியிலிருந்து நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனுக்குப் போனார். ஜிம்மி ஸ்னூக்கா கூண்டின் உச்சியிலிருந்து டான் முராக்கோமேல் பாய்ந்ததைப் பார்த்தார். அன்றே தன் தொழிலை முடிவுசெய்துவிட்டார்.

பதினைந்து ஆண்டு கழித்து, 1998 ஜூன் 28 அன்று பிட்ஸ்பர்க்கில் அவரே கூண்டின்மேல் நின்றார். எதிரில் அண்டர்டேக்கர், பாதத்தில் எலும்பு முறிவோடு. ஆட்டத்தைக் கூண்டின் உச்சியில் தொடங்கினால் என்ன என்ற பொறியைப் போட்டது சக வீரர் டெர்ரி ஃபங்க். சுமார் 16 அடி உயரத்திலிருந்து வர்ணனையாளர் மேஜைமேல் ஃபோலி தூக்கி எறியப்பட்டார். அது திட்டமிட்டது. ஸ்ட்ரெச்சரிலிருந்து இறங்கி மறுபடி மேலே ஏறியபின் நடந்தது திட்டத்தில் இல்லை. கூண்டின் கூரைத் தகடு பெயர்ந்து, நேராக வளையத்துக்குள் விழுந்தார். கூடவே விழுந்த நாற்காலி முகத்தில் அடித்துப் பல் தெறித்தது. ஆட்டத்தின் பெரும்பகுதி அவர் நினைவிலேயே இல்லை. இனி இப்படிச் செய்யக்கூடாது என்று இந்த ஆட்டங்களை நடத்திய நிறுவனத்தின் தலைவர் வின்ஸ் மெக்மஹோன் அவரிடம் வாக்கு வாங்கினார்.

நான் வந்து நிற்க விரும்பும் இடம் அதற்கடுத்த சில மாதங்கள். அக்டோபரில் மெக்மஹோன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருப்பதாக ஒரு காட்சி. மேன்கைண்ட் ஒரு கோமாளியோடு நலம் விசாரிக்க வருகிறார். அவரைச் சிரிக்கவைக்க, கண்ணும் வாயும் வரைந்த ஒரு பழைய வெள்ளை சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு பொம்மையாகப் பேசுகிறார். ‘மிஸ்டர் சாக்கோ.’ அடுத்தடுத்த வாரங்களில் அரங்கம் அந்த சாக்ஸைக் கேட்டுக் கத்த ஆரம்பித்தது. எதிராளியின் வாய்க்குள் விரல்களை விட்டு நாக்கின் அடியில் அழுத்துவது அவருடைய முடிவுப் பிடி. அந்தக் கைக்கு இப்போது சாக்ஸ் உறை வந்தது. கால்சட்டைக்குள்ளிருந்து அதை அவர் மெதுவாக உருவும்போது எழுந்த இரைச்சலைக் கேட்டவர்களுக்குத் தெரியும், கூண்டிலிருந்து விழுந்தபோது எழுந்ததற்கு அது குறைந்ததில்லை. ஒரு எலும்பும் உடையவில்லை. பார்வையாளர்கள் அவர் உடம்பைக் கேட்கவில்லை, அவரைத்தான் கேட்டார்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தேவையில்லை. 1999 ஜனவரி 4 அன்று ஒளிபரப்பான நிகழ்ச்சியில், வொர்செஸ்டர் நகர மக்கள் நடுவே அவர் முதன்முறையாக உலக சாம்பியன் பட்டம் வென்றபோது கேட்ட ஆரவாரமும் அந்த அன்பின் ஆரவாரம்தான்.

அப்படியிருந்தும் அதே மாதம் அனஹைமில் தி ராக்கோடு ஆடிய ஆட்டத்தில், கைவிலங்கு மாட்டிய நிலையில் தலையில் பதினோரு நாற்காலி அடி வாங்கினார். பேசிவைத்தது அதில் பாதிகூட இல்லை. முன்வரிசையில் மனைவியும் இரண்டு சின்னக் குழந்தைகளும் அலறி அழுதார்கள். ‘பியாண்ட் த மேட்’ ஆவணப்படத்தின் கேமரா அந்த முகங்களைப் பிடித்துவைத்தது. பிறகு அந்தப் படத்தைப் போட்டுக் காட்டியபோது, தான் நல்ல தகப்பன் என்ற எண்ணமே தனக்குப் போய்விட்டது என்று ஃபோலி சொன்னார். தலையில் நாற்காலியால் அடிப்பதை மெக்மஹோனின் நிறுவனம் 2010-இல்தான் தடைசெய்தது. மிகவும் தாமதம் என்பேன்.

அந்த 1999-இலேயே, ஆட்டப் பயணங்களுக்கு நடுவே கையால் எழுதிய அவருடைய சுயசரிதை வெளிவந்து நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. பிற்காலத்தில் நாடக அரங்குகளிலும் நகைச்சுவைக் கூடங்களிலும் மைக்கைப் பிடித்துத் தனியாகக் கதை சொல்ல ஆரம்பித்தார். கூண்டு ஆட்டத்தின் இருபதாம் ஆண்டான 2018-இல் அந்த ஒரு இரவை மட்டுமே சொல்லும் நிகழ்ச்சியோடு ஊர் ஊராகப் போனார். எங்கே நிறுத்தவேண்டும், சிரிப்பு அடங்க எவ்வளவு பொறுக்கவேண்டும், எந்த இடத்தில் குரலைத் தாழ்த்தவேண்டும் என்பதெல்லாம் வளையத்துக்குள் எதிராளியைத் தரையில் கிடத்திவிட்டு அரங்கைச் சுற்றிப் பார்த்த நாட்களில் படித்த பாடம். இடுப்பு மூட்டையே மாற்றிவைக்க வேண்டிவந்த ஒரு மனிதர், நின்ற இடத்தில் நின்று அதே கூட்டத்தை எழுப்புகிறார்.

அடுத்த வாரம் டெர்ரி ஃபங்க்: திரும்பத் திரும்ப ஓய்வை அறிவித்துவிட்டுத் திரும்பத் திரும்ப வளையத்துக்கு வந்தவர்.

(தொடரும்)