சாய்துளைப் பூட்டும் தறிவீட்டு அலமாரியும்

பவானி வட்டாரத்துத் தறிவீடுகளில் இடம் குறைவு, சரக்கோ மிகுதி. குழித்தறி அடைத்தது போக எஞ்சிய தரையில் சாய நூற்கட்டுகளும் நெய்து முடித்த ஜமக்காளங்களும் கிடக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தரையின் ஈரம் மேலேறினால் பூஞ்சணம் பிடிக்கும். 2005-06ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு, தரையில் கிடந்து கெடலாமா? ஆகவே வீட்டுக்கு ஓர் அலமாரி அவசியமாகிறது.

முன்னர் நாம் மரத்தூள் பலகையை வாங்கி, வெறும் ஆணி அடித்து ஓர் அலமாரி செய்தோம். நூற்கட்டுகளை ஏற்றிய சில வாரங்களில் தட்டு கழன்று இறங்கிற்று. பலகையும் தவறு, பூட்டும் தவறு என்பதைப் பொருட்செலவு செய்தே கற்றோம்.

தச்சர்கள் வழிவழியாகக் கையாள்வது கழுந்தும் துளையும் ஆகும். அதன் உறுதிக்கு ஈடில்லை. ஆனால் அதற்குக் கைத்திறனும் காலமும் வேண்டும். புதியவரும் கற்கக்கூடிய மற்றொரு முறை, ஆங்கிலத்தில் ‘பாக்கெட் ஹோல்’ எனப்படுவது. நாம் அதைச் சாய்துளை என்போம்.

அதன் தத்துவம் எளிது. ஒரு பலகையின் முகப்பில், முனைக்குச் சற்று முன்னிருந்து, ஏறத்தாழ 15 பாகைச் சாய்வில் துளையிடுகிறோம். துளையின் மேற்பகுதி அகலமானது. திருகாணியின் தலை அதனுள் படியும். கீழ்ப்பகுதி குறுகியது, ஆணியின் தண்டு அதன் வழியே சென்று, அடுத்த பலகையைத் துளைத்துப் பற்றிக்கொள்ளும். சாய்வு பிசகாமல் துளைமுள்ளை நடத்துவதற்கென ஒரு வழிகாட்டிக் கட்டை விற்கப்படுகிறது. அதைப் பலகையின் கனத்துக்கேற்ப அமைத்துக்கொள்ள வேண்டும்.

18 மி.மீ. பலகைக்கு 32 மி.மீ. திருகாணி பொருந்தும், அதைவிட நீண்டது மறுபுறம் வெளிப்பட்டுவிடும். 12 மி.மீ. பலகைக்கு 25 மி.மீ. போதும். ஒட்டுப்பலகைக்கும் மென்மரத்துக்கும் அகன்ற புரியுள்ள ஆணியும், தேக்கு போன்ற வன்மரத்துக்கு நெருங்கிய புரியுள்ளதும் ஏற்றவை. தலையின் அடிப்பாகம் தட்டையாக இருத்தல் வேண்டும். கூம்புத் தலை பலகையைப் பிளக்கும்.

அலமாரி செய்கையில், துளைகளைத் தட்டின் அடிப்புறத்தில் இடுக, கண்ணுக்குத் தெரியா. ஆணி பக்கப் பலகையின் முகத்தில் இறங்கும். ஒட்டுப்பலகையின் விளிம்பில் நேரே அடித்தால் அடுக்குகள் பிரியக்கூடும். இம்முறையில் அத்தொல்லை குறைவு. மரப்பசை தடவி, இரு பலகைகளையும் பிடிப்பானால் அசையாமல் இறுக்கிய பின்னரே திருகுக. தலை படிந்ததும் நிறுத்திவிட வேண்டும். மேலும் முறுக்கினால் மரம் நைந்து பிடிப்பு போய்விடும். முதுகுக்கு ஒரு மெல்லிய பலகை அடித்தால் அலமாரி பக்கவாட்டில் சாயாது. அடியில் கால் வைத்துத் தரையினின்று உயர்த்துவதும் நலம்.

பலகை வாங்குகையில் ஐ.எஸ். 303 முத்திரையையும், அதில் கொதிநீர் தாங்கும் தரத்தையும் கேட்டு வாங்குக. ஈரமுள்ள அறைக்கு மரத்தூள் பலகை ஆகாது.

எல்லாவற்றுக்கும் இம்முறை பொருந்தும் என்று நாம் சொல்லவில்லை. நாற்காலியைப் போல் நாளும் ஆட்டங்காணும் பொருளுக்கும் தறிச் சட்டத்துக்கும் தச்சரின் கழுந்தே தகும். அலமாரி, பெட்டி, மேசைச் சட்டம் ஆகியவற்றுக்குச் சாய்துளை போதும்.

பயிரிடும் அங்கத்தினர்களுக்கும் இதில் பங்குண்டு. ஒட்டுப்பலகைக்கு உதவும் மலைவேம்பை மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி உழவரிடையே பரப்பி வந்துள்ளது. வயலில் வளரும் மரம் நெசவாளி வீட்டில் அலமாரியாக நிற்பது இருவர்க்கும் பெருமையன்றோ?

துளைக்கருவியும் வழிகாட்டியும் ஒரு குடும்பத்துக்கு ஆண்டில் இரண்டு நாள்தான் பயன்படும். அவற்றை ஆளுக்கொன்றாக வாங்குவது வீண்செலவு. பத்துக் குடும்பங்கள் கூடி ஒன்று வாங்கி, முறைவைத்து வழங்கிக்கொண்டால் செலவு பத்தில் ஒன்றாகும். கூட்டுறவு என்பது நூலுக்கும் விதைக்கும் மட்டும் உரியதன்று.