ஹாலிபட் (நீர்மூழ்கிக் கப்பல்)

ஹாலிபட் என்பது அமெரிக்கக் கடற்படையில் 1960 முதல் 1976 வரை பணியாற்றிய, அணு ஆற்றலால் இயங்கிய நீர்மூழ்கிக் கப்பல் ஆகும். ஏவுகணை ஏவும் போர்க்கப்பலாகக் கட்டப்பட்ட இது, பின்னர் கடலடி உளவுக் கப்பலாக மாற்றப்பட்டது. பனிப்போர்க் காலத்தில் நீர்மூழ்கிகள் ஆற்றிய இருவகைப் பணிகளும் இந்த ஒரே கப்பலின் வரலாற்றில் அடங்கியுள்ளன. ஹாலிபட் என்பது கடலின் அடித்தரையில் ஒட்டிக் கிடக்கும் ஒரு தட்டைமீனின் பெயர். கப்பலின் பிற்காலப் பணிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது.

ஏவுகணைக் கப்பலாக

கலிபோர்னியாவின் மேர் தீவுக் கப்பல்தளத்தில் கட்டப்பட்ட ஹாலிபட், 1959 சனவரியில் நீரில் இறக்கப்பட்டு 1960 சனவரியில் பணியில் சேர்ந்தது. நீளம் சுமார் 107 மீட்டர். முன்பகுதியில் ரெகுலஸ் ஏவுகணைகளை வைப்பதற்கான பெரிய கூடம் இருந்தது. ரெகுலஸ் என்பது அணுகுண்டைச் சுமந்து செல்லும், விமானியில்லாத தாரை விமானம் போன்றதாகும். 1960 மார்ச் 25 அன்று இக்கப்பலிலிருந்து ரெகுலஸ் வெற்றிகரமாக ஏவப்பட்டது. வழிநடத்தப்படும் ஏவுகணை ஒன்றை அணுவாற்றல் நீர்மூழ்கி ஏவியது அதுவே முதல் முறை.

ஆயினும் இம்முறையில் பெருங்குறை ஒன்று இருந்தது. ஏவுவதற்குக் கப்பல் கடல்மட்டத்திற்கு வந்தாக வேண்டும். மறைந்திருப்பதே நீர்மூழ்கியின் வலிமை; தாக்க வேண்டிய நேரத்தில் அதனை இழக்க நேர்ந்தது. நீருக்கடியிலிருந்தே ஏவக்கூடிய பொலாரிஸ் ஏவுகணை வந்ததும் ரெகுலஸ் 1964இல் கைவிடப்பட்டது. ஹாலிபட்டின் பெரிய கூடம் வெறுமையானது. அந்த வெற்றிடமே இக்கப்பலை உளவுப் பணிக்கு ஏற்றதாக்கியது எனலாம்.

கே-129ஐத் தேடுதல்

1968 மார்ச்சில் கே-129 என்ற சோவியத் ஏவுகணை நீர்மூழ்கி வட பசிபிக்கில் 98 பேருடன் மூழ்கியது. சோவியத் கப்பல்கள் பல வாரங்கள் தேடியும் அதனைக் காணவில்லை. கடலடி ஒலிவாங்கிகளின் பதிவுகளைக் கொண்டு அமெரிக்கர்கள் அது மூழ்கிய இடத்தை ஓரளவு கணித்தனர். ஹாலிபட் அங்கு அனுப்பப்பட்டது.

அவ்விடத்தில் ஆழம் ஏறக்குறைய 5,000 மீட்டர். எந்தப் போர் நீர்மூழ்கியும் அவ்வளவு ஆழம் செல்ல முடியாது. எனவே ஹாலிபட் சில நூறு அடி ஆழத்தில் மெதுவாக நகர்ந்தபடி, பல கிலோமீட்டர் நீளமுள்ள வடத்தின் முனையில், விளக்குகளும் நிழற்படக் கருவிகளும் பொருத்திய கலம் ஒன்றைக் கடற்தரைக்கு அருகில் இழுத்துச் சென்றது. மாலுமிகள் அக்கலத்தை 'மீன்' என்று அழைத்தனர். கே-129 கண்டுபிடிக்கப்பட்டு ஆயிரக்கணக்கான படங்கள் எடுக்கப்பட்டன.

இதன் அடிப்படையில் சி.ஐ.ஏ. 1974இல் குளோமர் எக்ஸ்புளோரர் என்னும் கப்பலைக் கொண்டு கே-129ஐத் தூக்க முயன்றது. வெளியுலகிற்கு அது கடலடிக் கனிமம் எடுக்கும் கப்பல் என்று கூறப்பட்டது. தூக்கும்போது பெரும்பகுதி உடைந்து விழ, ஒரு பகுதியே மேலே வந்தது. அதிலிருந்த ஆறு சோவியத் மாலுமிகளின் உடல்கள் கடலிலேயே மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டன. அதன் படச்சுருள் 1992இல்தான் உருசியாவிடம் ஒப்படைக்கப்பட்டது.

கடலடி வடத்தை ஒட்டுக்கேட்டல்

ஹாலிபட்டின் மிகத் துணிச்சலான பணி ஓக்கொட்ஸ்க் கடலில் நடைபெற்றது. கம்சாத்கா தீவக்குறையிலுள்ள பெத்ரோபாவ்லவ்ஸ்க் கடற்படைத் தளத்தை அக்கடலின் அடியிலுள்ள வடம் ஒன்று தலைநிலத்துடன் இணைத்தது. சோவியத் ஒன்றியம் அக்கடலைத் தன் சொந்த நீர்ப்பரப்பாகவே கருதியது. அதனாலேயே அவ்வடத்தில் நடந்த உரையாடல்களில் பல மறையீடு செய்யப்படாமலே சென்றன.

வடம் எங்கே கிடக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. கடற்படை உளவுப் பிரிவைச் சேர்ந்த கப்டன் ஜேம்ஸ் பிராட்லிக்கு, மிசிசிப்பி ஆற்றங்கரையில் 'இங்கு வடம் உள்ளது, நங்கூரம் இடாதீர்' என்று எழுதிய பலகைகளைச் சிறுவயதில் கண்டது நினைவுக்கு வந்தது. சோவியத் கரையிலும் மீனவர்களுக்காக அத்தகைய பலகைகள் இருக்கும் என்று அவர் எண்ணினார். 1971இல் ஹாலிபட் கரையோரமாகச் சென்று உருப்பெருக்கிக் கண்ணாடிக்குழல் வழியே தேடியபோது, பலகைகள் உண்மையாகவே இருந்தன.

வடம் சுமார் 120 மீட்டர் ஆழத்தில் கிடந்தது. அங்கு நீரின் அழுத்தம் கடல்மட்டத்தைப் போல் 13 மடங்கு. சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் நைதரசன் சுழியோடிகளை மயக்கிவிடும் என்பதால், ஹீலியமும் ஒட்சிசனும் கலந்த வளிமம் அளிக்கப்பட்டது. கப்பலின் மேல் பொருத்தப்பட்ட அழுத்த அறையில் அவர்கள் முன்கூட்டியே அந்த அழுத்தத்திற்குப் பழக்கப்படுத்தப்பட்டனர். அவ்வறை மீட்புக் கலம் போல உருமாற்றப்பட்டிருந்தது. உறையும் குளிரைத் தாங்கக் குழாய் வழியே சுடுநீர் உடைக்குள் செலுத்தப்பட்டது. கப்பல் நங்கூரங்களின் உதவியால் அசையாது நின்றது. புயலில் நங்கூரம் அறுந்தால் வெளியே இருக்கும் சுழியோடிகளின் உயிருக்கு உத்தரவாதம் இல்லை.

அவர்கள் வடத்தைத் துளைக்கவில்லை. செப்புக் கம்பியில் ஓடும் மின்னோட்டம் தன்னைச் சுற்றி ஏற்படுத்தும் காந்தப்புலத்தை, வெளியிலிருந்தே உணர்ந்து பதியும் கருவியைப் பொருத்தினர். வடத்தைப் பழுதுபார்க்க மேலே தூக்கினால் கருவி தானே கழன்று விழும். (இன்றைய ஒளியிழை வடங்களில் இந்த முறை பயன்படாது.) 1972இல் பல வாரங்கள் தொடர்ந்து பதியக்கூடிய பெரிய கருவி வைக்கப்பட்டது. நாடாக்களை எடுக்க நீர்மூழ்கிகள் மீண்டும் மீண்டும் அங்கு செல்ல வேண்டியிருந்தது. ஹாலிபட்டிற்குப் பின் சீவுல்ஃப், பார்ச் ஆகியவை இப்பணியைத் தொடர்ந்தன. இந்நடவடிக்கை ஐவி பெல்ஸ் என அறியப்படுகிறது.

இரகசியம் வெளியானமை

இத்தனை முன்னேற்பாடுகளையும் முறியடித்தது கடலோ சோவியத் ஒலியுணரிகளோ அல்ல. தேசியப் பாதுகாப்பு முகமையில் 14 ஆண்டுகள் பணியாற்றி விலகிய ரொனால்ட் பெல்டன், கடன் தொல்லையால் 1980 சனவரியில் வாசிங்டனிலுள்ள சோவியத் தூதரகத்தை நாடினார். ஏறத்தாழ 35,000 டாலர்களுக்கு ஐவி பெல்ஸ் விற்கப்பட்டது. 1981இல் செய்மதிப் படங்களில் அவ்விடத்தில் சோவியத் கப்பல்கள் நிற்பது தெரிந்தது. பின்னர் சென்ற நீர்மூழ்கி கருவி அகற்றப்பட்டிருப்பதைக் கண்டது. தூதரகத்துக்கு அவர் செய்த தொலைபேசி அழைப்பு அப்போதே பதிவாகியிருந்தது. எனினும், குரல் யாருடையது என்பது 1985இல், சோவியத் உளவு அதிகாரி வித்தாலி யுர்ச்சென்கோ அமெரிக்கத் தரப்புக்கு வந்து தகவல் தந்த பின்னரே கண்டறியப்பட்டது. 1986இல் ஆயுள் தண்டனை பெற்ற பெல்டன் 2015இல் விடுதலையாகி, 2022இல் இறந்தார்.

ஹாலிபட் 1976 சூன் 30 அன்று பணியிலிருந்து விலக்கப்பட்டது. அதன் மாலுமிகள் செய்த பணி பல ஆண்டுகள் அவர்களது குடும்பத்தாருக்கும் தெரியாது. 1968, 1972 ஆண்டுகளுக்காகக் கப்பலுக்குக் குடியரசுத் தலைவரின் பாராட்டுச் சான்று வழங்கப்பட்டபோதும் காரணம் வெளியிடப்படவில்லை. 1994இல் வாசிங்டன் மாநிலத்தில் கப்பல் உடைக்கப்பட்டது.