கண்ணிலும் கருத்திலும் கிட்டப்பார்வை

ஆங்கிலச் செய்தித்தாளின் தலையங்கத்தை வாசிக்கும் பழக்கமுள்ள மாணவியர் 'மயோப்பிக்' என்னும் பெயரடையை அடிக்கடி கண்டிருப்பார்கள். அரசின் ஒரு திட்டத்தை 'மயோப்பிக்' என்று சாடியிருப்பார்கள்; ஒரு நிறுவனத்தின் முடிவையும் அப்படியே குறை கூறியிருப்பார்கள். அதே சொல்லைக் கண் மருத்துவர் நம் வகுப்புத் தோழியின் கண்ணுக்கும் சொல்கிறார். திட்டத்துக்கும் தோழிக்கும் என்ன உறவு என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

சொல்லின் வேர் கிரேக்கம். 'மூயெய்ன்' என்றால் மூடுதல். 'ஓப்ஸ்' என்றால் கண். தூரத்தில் இருப்பதைப் பார்க்க இமைகளை இடுக்கிக்கொள்பவர் என்பதே பழைய பொருள். கரும்பலகையைப் பார்க்கும்போது சிலர் கண்ணை இடுக்குவதை நாம் தினமும் காண்கிறோம். விஞ்ஞானப் பாடத்தில் படித்த ஊசித்துளைக் காமிராவின் தத்துவம்தான் அது: வழி சிறுத்தால் மங்கல் குறையும்.

வளர்ந்தவரின் கண்விழி முன்னிருந்து பின்னாக ஏறக்குறைய 24 மில்லிமீட்டர் நீளம் உடையது. அது அளவுக்கு மீறி நீண்டுவிட்டால், தூரத்துப் பொருளின் பிம்பம் விழித்திரையில் விழாமல் அதற்கு முன்பாகவே விழுந்துவிடுகிறது. இதுவே கிட்டப்பார்வை. ஒரு மில்லிமீட்டர் கூடினாலே 'பவர்' மைனஸ் இரண்டரை, மூன்று என்று ஆகிவிடும். மைனஸ் 2 என்றால் கண்ணாடியின்றி அரை மீட்டர் வரைதான் தெளிவு. மைனஸ் 4 என்றால் 25 சென்டிமீட்டர். குழிலென்சு இதை எவ்வாறு சரிசெய்கிறது என்பதை 1604-இல் விளக்கியவர் கெப்ளர். ஆனால் அதற்கு வெகு முன்பே மக்கள் அந்தக் கண்ணாடியைப் பயன்படுத்தினர். பாப்பரசர் பத்தாம் சிங்கராயருக்குக் கிட்டப்பார்வை. 1518-ஐ ஒட்டி ரஃபேல் தீட்டிய அவருடைய படம் புளோரன்சு நகரில் இருக்கிறது; அதில் அவர் கையில் ஒரு கண்ணாடி வில்லையைக் காணலாம்.

இனி உருவகப் பொருளுக்கு வருவோம். இன்றைய இலாபத்தை மட்டும் கண்டு நாளையைக் காணாதவரை ஆங்கிலேயர் 'மயோப்பிக்' என்கிறார்கள். 1960-இல் தியோடர் லெவிட் என்னும் பேராசிரியர் ஹார்வர்டு வணிக இதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே இச்சொல் உண்டு. அமெரிக்க ரயில் கம்பெனிகள் தம் தொழில் ரயில் ஓட்டுவது என்று எண்ணினவே தவிர, மக்களையும் சரக்கையும் கொண்டுசேர்ப்பது என்று எண்ணவில்லை. ஆகவே காருக்கும் விமானத்துக்கும் வாடிக்கையாளரை இழந்தன என்பது அவர் வாதம்.

இவ்வுருவகம் அவருக்கும் வெகு பழையது. புனித இராயப்பரின் இரண்டாம் திருமுகத்தில், முதல் அதிகாரம் 9-ஆம் வசனத்தின் கிரேக்க மூலத்தில் இதே வேரில் பிறந்த சொல் வருகிறது. ஆனால் அங்கே குற்றம் வருங்காலத்தைக் காணாதது அன்று; தன் பழைய பாவங்கள் கழுவப்பட்டதை மறந்தது! பின்னால் இருப்பதைக் காணாததும் கிட்டப்பார்வையே என்பது நமக்கு மிகவும் பிடித்த பொருள்.

தமிழ் இவ்விடத்தில் ஆங்கிலத்தைவிட நியாயமாக நடந்துகொள்கிறது என்போம். கண்ணின் குறை 'கிட்டப்பார்வை'. புத்தியின் குறை 'குறுகிய நோக்கு'. மறுபுறத்தில் கண்ணுக்குத் 'தூரப்பார்வை', அறிவுக்குத் 'தொலைநோக்கு'. ஆங்கிலத்திலோ இரண்டுக்கும் ஒரே சொல் போதும். அதனால் ஒரு வேடிக்கை நேர்கிறது: தூரப்பார்வையும் கண்ணின் குறைதான், ஆயினும் அது உருவகத்தில் புகழ்ச்சியாகிவிட, கிட்டப்பார்வை மட்டும் ஏச்சாகிவிட்டது. பாவம், கிட்டப்பார்வைக்காரர் பொடி எழுத்தையும் ஊசிக் காதையும் நன்றாகவே காண்பார். வயதான பிறகு, மற்றவர் வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி தேடும்போது, இவர்களில் பலர் தம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வாசிப்பதை நம் வீடுகளில் காணலாம்.

ஆனால் ஒன்றில் உருவகம் மிகச் சரியாகப் பொருந்துகிறது. கிட்டப்பார்வையுள்ள சிறுமிக்குத் தன் குறை தெரியாது. உலகம் எல்லாருக்கும் இப்படி மங்கலாகத்தான் இருக்கிறது என்று எண்ணுவாள். பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுவாள். கவனமில்லாதவள் என்று பெயர் வாங்குவாள். வேறொருவர் கண்டுபிடித்துச் சொன்னால்தான் உண்டு.

கண்டுபிடித்த பின்னும் தடை இருக்கிறது. பெற்றோர் இதைச் சற்றுப் பொறுமையோடு வாசிக்க வேண்டுகிறோம். 'கண்ணாடி போட்டால் பவர் ஏறும்' என்பது பரவலான நம்பிக்கை. பவர் ஏறுவது பிள்ளை வளர வளரக் கண்விழியும் நீள்வதால், கண்ணாடியால் அன்று. 'சோடாபுட்டி' என்னும் கேலிக்கும், நாளைய கல்யாணப் பேச்சுக்கும் அஞ்சிப் பெண்பிள்ளைக்குக் கண்ணாடி வாங்காமல் காலம் கடத்துவோரும் உண்டு. பெண் பார்க்க வரும் நாளில் கண்ணாடியைக் கழற்றச் சொல்வார்கள். மைனஸ் 4 உள்ள பெண்ணுக்கு அன்று கூடத்தில் எதிரே உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளையின் முகம் தெரியுமா என்று கேட்பார் இல்லை. மைனஸ் 6-க்கு மேல் போனால் விழித்திரை கிழியவும் பிரியவும் வாய்ப்பு அதிகம். அத்தகையவரை ஆண்டுதோறும் மருத்துவரிடம் காட்டுவதே முறை.

இக்குறை வராமல் தடுக்க வழி உண்டா? ஓரளவு உண்டு. சீனாவின் குவாங்சௌ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளில் நடந்த ஆய்வு 2015-இல் வெளியாயிற்று. பாதிப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விளையாட நேரம் தந்தார்கள். மூன்று ஆண்டுகளில் அவர்களுள் நூற்றுக்குச் சுமார் 30 பேருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது. மற்றப் பள்ளிகளில் சுமார் 40 பேருக்கு. திறந்தவெளியின் வெளிச்சமே கண் நீள்வதைத் தடுக்கிறது என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள்.

தேர்வு நெருங்கும்போது விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கம் பல பள்ளிகளில் உண்டு. கண் மருத்துவரும் தலையங்க ஆசிரியரும், 'மயோப்பிக்' என்ற ஒரே சொல்லை இருவேறு பொருளில் அந்த வழக்கத்துக்குச் சூட்டலாம்.